ஏரியூரில் ஒரு கொரியப் பாடகிக்குக் கண்ணீர் அஞ்சலி

உயிரோடு இருக்கும் ஒருத்திக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்த ஊருக்கு நான் போனது, அந்த ஊர்க்காரர்களை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை பார்க்கவோ காவிரியில் குளிக்கவோ நான் தர்மபுரிப் பக்கம் போகவில்லை. ஒகேனக்கல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும் அருவி இருந்த திசைக்குத் திரும்பவில்லை. எரிச்சலில் இருப்பவன் அருவியைப் பார்த்து என்ன செய்வது?

பேனரில் இருந்தவள் ஹேவோல், கொரியப் பாடகி. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மலேசியாவில் கிள்ளான் துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்த வயதில் கொரியப் பாட்டா என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. என் மகள் மீரா காரில் மறந்து வைத்துவிட்டுப் போன சிடியில்தான் அந்தக் குரலை முதலில் கேட்டேன். வரிசைகட்டி நிற்கும் லோரிகளுக்கு நடுவே நகராமல் கிடந்த எத்தனையோ காலைகளை அந்தக் குரல்தான் கடத்திவிட்டது. அவளுடைய சிடிகள் எல்லாமே என்னிடம் உண்டு.

மீரா ஹேவோல் ரசிகர் மன்றத்தின் மலேசியக் கிளைக்குச் செயலாளர். ஒருநாள் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஹேவோலின் படம், மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கொட்டை எழுத்தில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். அதற்கும் கீழே ‘வருந்தும் உள்ளங்கள்’ என்று ஐந்தாறு பெண்களின் பெயர்கள். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. பிறகுதான் அவள் நன்றாக இருக்கிறாள், எவரோ கிறுக்குத்தனம் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அடைத்த நெஞ்சில் அப்போது ஏறிய கோபம் இறங்கவே இல்லை.

படம் உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது. கொரியத் தலைநகர் சோலில் இருக்கும் தலைமை மன்றம் பேனர் வைத்த பெண்ணைக் கண்டுபிடித்தது. பெயர் சங்கவி, ஊர் ஏரியூர்ப் பக்கம். கொரியாவில் பூசான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கொரிய மொழி படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருப்பதையும், அவளே சந்தோஷமாகப் போட்டிருந்த பதிவிலிருந்து தெரிந்துகொண்டது. எங்கள் பாடகியை உயிரோடு புதைத்தவளுக்கு இடம் தராதீர்கள் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. பல்கலைக்கழகம் அவளிடம் விளக்கம் கேட்டது. மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறுகிறோம், இல்லாவிட்டால் இடம் போகட்டும் என்றது மன்றம். வீடியோ எடுக்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும். சேலத்தில் என் மனைவி வழிக் கல்யாணத்துக்கு எப்படியும் நான் போக வேண்டியிருந்தது. நானே போகிறேன் என்றேன்.

கல்யாணம் முடிந்த மறுநாள் தர்மபுரி. அங்கிருந்து பென்னாகரம். மதியத்துக்கு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தேன். களியும் கீரைக் கடைசலும் வந்தன. கிள்ளானில் ரொட்டி சானாயைப் பிய்த்துத் தின்கிற கை, களி உருண்டையைப் பார்த்துத் தயங்கியது. ஒரு விள்ளல் எடுத்து மென்றேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தார்.

“மெல்லாதீங்க. முழுங்கணுங்க. மென்னா அது ஒருநாளும் முடியாது.”

முழுங்கினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. “எந்தூருங்க?” என்றார். மலேசியா என்றேன். “அங்க களி இல்லீங்களா?” என்று பரிதாபப்பட்டார். எனக்கு அப்போது இருந்த மனநிலையில் அந்தப் பரிதாபம்கூடப் பிடிக்கவில்லை.

ஏரியூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்தேன். பஸ் கிளம்ப நேரமாகும் என்று டீ குடிக்க இறங்கினேன். கண்ணாடி கிளாஸ் கையைச் சுட, மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தபோது என் பையை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்தார். யாருக்கோ போன் செய்தார். அந்த யாரோ வேறு யாருக்கோ செய்தார். “பேக்க ஏரியூர் ஸ்டாண்டுல மளிகைக் கடைல எறக்கி வெச்சிருவாங்க. நீங்க அடுத்த வண்டில போங்க. டீய குடிங்க மொதல்ல.” ஏரியூரில் இறங்கியபோது பை சொன்ன இடத்தில் இருந்தது, அதன்மேல் யாரோ கறிவேப்பிலைக் கட்டு வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் போன பை போனதுதான். ஆனால் இவர்களைப் பாராட்ட நான் வரவில்லை.

பை போன பிறகு ஏறிய அந்தப் பஸ்ஸில் வழியெல்லாம் ஹேவோலைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஐந்து பெண்கள் குழுவில் ஒருத்தியாக வந்தவள். முதல் பாட்டில் அவளுக்கு இரண்டே வரி. குடையைச் சுழற்றிக்கொண்டு குதிக்கிற பாட்டு, நான் இரண்டாம் முறை கேட்டதில்லை. அடுத்த ஆல்பத்தில் பல்லவியை அவளிடம் கொடுத்தார்கள், குழு தப்பித்தது. மூன்றாவதோடு குழுவைக் கலைத்தார்கள். தனியாகப் பாடிய முதல் ஆல்பம் ஓடவில்லை. பிறகு ஒரு தொலைக்காட்சித் தொடரில் யாரோ யாரையோ பிரியும் காட்சிக்கு ஒரு பாட்டுப் பாடினாள். அதற்குப் பிறகுதான் அவள் யார் என்று கேட்டார்கள். அடுத்த ஆல்பத்தில் வரிகளுக்கு இடையே அவள் மூச்சு வாங்குவது கேட்கும். நிறுவனம் அதைத் துடைக்கச் சொன்னதாம். மூச்சு இல்லாமல் யார் பாடுகிறார்கள் என்று இவள் கேட்டாளாம். கடைசி ஆல்பத்தில் பாட்டெல்லாம் அவளே எழுதியது. அதில் ஐந்தாவதாக வரும் பாட்டுக்கு நான் காரை ஓரமாக நிறுத்திவிடுவேன்.

அதோடு சரி. நிறுவனத்தோடு சண்டை, ஒப்பந்தம் முறிந்தது. இனிப் பாடவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிட்டாள்.

பேனர் ஏரியூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே நின்றது. ஒரு பக்கம் நிஜமாகவே காலமாகிவிட்ட பெரியவர் ஒருவர், மறுபக்கம் காதுகுத்து விழா. நடுவில் மாலையும் குத்துவிளக்குமாக ஹேவோல். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“யாரு வூட்டுப் புள்ளக்கா இது? நம்மூரு மூஞ்சியாட்டம் இல்லயே.”

“கோழிப்பண்ணைக்கு வடக்கருந்து வேலைக்கு வராங்க இல்ல, அதுல ஒண்ணா இருக்கும். பாவம், எங்கிருந்தோ பொழைக்க வந்து.”

“அம்மாக்காரிக்குத் தெரியுமோ என்னமோ.”

மூத்தவர் பேனரைப் பார்த்து ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டார். அவள் சாகவில்லை, கொரியாவில் பெரிய பாடகி என்று சொல்ல வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. அவர்கள் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை பென்னாகரத்தில் பேனர் அடித்த கடையைப் பிடித்தேன். பேனரின் மூலையிலேயே கடையின் பெயர் இருந்தது. உரிமையாளர் முனிராஜ், முப்பது வயதுக்குள் இருப்பார். பின்னால் இயந்திரம் ஒரு மாப்பிள்ளையை மீசையிலிருந்து கீழ்நோக்கி அச்சடித்துக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் மை வாடை தலையைச் சுற்றியது. உயிரோடு இருப்பவளுக்கு எப்படி அய்யா சாவு பேனர் அடித்தாய் என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்க சார். அந்தப் பொண்ணு வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்புச்சு. ஒரு பேரு, ரெண்டு தேதி, அஞ்சாறு ஃபிரண்ட்ஸ் பேரு. ‘உன் பாட்டெல்லாம் எங்களை விட்டுப் போயிருச்சு, மறக்கமாட்டோம்’னு ஒரு வரி. நீங்களே சொல்லுங்க, இது என்ன பேனரு?”

“பாடகிக்கு வைக்கிற பேனர்.”

“அந்த மாடல் எங்கங்க இருக்குது?” கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார். “கல்யாணம்னா மாப்ள படம் வேணும். மஞ்சநீராட்டுன்னா தாய்மாமன் பேரு வேணும். கட்சின்னா தலைவரு படம் மேல வரணும். பொறந்தநாளுக்கு ரெண்டு தேதி வராது. மாப்ள இல்ல, மாமன் இல்ல, தலைவர் இல்ல, தனியா ஒரு பொம்பளப் புள்ள படம், ரெண்டு தேதி. அதுக்கு எங்ககிட்ட ஒரே மாடல்தானுங்க.”

“கேட்டிருக்கலாமே.”

“சாவு வூட்டுல போன் பண்ணி நோண்டி நோண்டிக் கேக்க முடியுங்களா சார்? அழுதுட்டு இருப்பாங்க. நாங்க பாத்து அவசரமா அடிச்சுக் குடுத்துருவோம். மாலைகூட நானாத்தான் வெச்சேன். சின்னப் புள்ளையாச்சேன்னு ரோஜா மாலை.”

அவர்மேல் வந்த கோபம் அந்தத் திரைமேல் போய்விட்டது. மாப்பிள்ளையோ மாமனோ தலைவரோ பக்கத்தில் இல்லாமல் ஒரு பெண் தன் பெயருக்காக மட்டும் தெருவில் நிற்க வேண்டுமென்றால் சாக வேண்டும். முனிராஜ் வைத்த ஏற்பாடு இல்லை இது. அவர் ஊரில் நடப்பதைக் கணினியில் அடுக்கி வைத்திருக்கிறார், அவ்வளவுதான். கிள்ளானில் மட்டும் என்ன வாழ்கிறது என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க எரிச்சல்தான் கூடியது. எனக்கு டீ வாங்கிக் கொடுத்த முனிராஜ், “அந்தம்மா நல்லா இருக்காங்க இல்லீங்களா?” என்று வாசல்வரை வந்து கேட்டார்.

மூன்றாம் நாள் சங்கவியின் வீடு. ஏரியூரைத் தாண்டி, இரண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு. மரவள்ளிக்குத்தான் அங்கே அந்தப் பெயர். அவளுடைய அம்மா செல்வி வாசலிலேயே காத்திருந்தார்.

“வாங்கண்ணா. நீங்களே கேளுங்க இவள. நான் சொன்னா காதுலயே வாங்கறதில்ல. உசுரோட இருக்கற புள்ளைக்கு எவளாவது மாலை போடுவாளா? அந்தம்மாவப் பெத்தவங்க பாத்தா வயிறு எரியாதா?”

வேகவைத்த நிலக்கடலையை ஒரு தட்டு நிறைய எனக்கு முன்னால் வைத்தார். சங்கவி எதிரே உட்கார்ந்தாள். இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். பென்னாகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. கொரிய மொழியைப் போனிலேயே படித்துத் தேர்வு எழுதியவள். சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை நான் கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“பேனரு கட்டுன அப்புறந்தாங்க நானும் பாத்தேன்” என்றாள். “அன்னிக்கு எனக்கும் பயங்கரக் கோவம். முனிராஜ் அண்ணன நல்லாத் திட்டிட்டேன். அவுக்கச் சொல்லி ஏணிகூட வந்திருச்சு. அப்புறம் நின்னு பாத்தேன். பாக்கப் பாக்க, சரியாத்தானே இருக்குதுன்னு தோணிருச்சு. வுட்டுட்டேன்.”

“என்ன சரியாக இருக்கிறது?”

“தோற்றம்னு போட்டிருக்கறது அவங்க தனியாப் பாடுன மொத பாட்டு வந்த தேதிங்க அங்கிள். மறைவுன்னு போட்டிருக்கறது பாட்டெல்லாம் எடுத்த தேதி.”

எனக்குப் புரியவில்லை. அவள் போனை எடுத்துக் காட்டினாள். பாட்டுகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் சாம்பல் நிறத்தில். தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஒப்பந்தம் முறிந்ததும், பதிவுகளுக்குச் சொந்தக்காரரான நிறுவனம் ஹேவோலின் தனி ஆல்பங்கள் அத்தனையையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டது. சிடியையும் புதிதாக அடிப்பதில்லை. தொடருக்குப் பாடிய பாட்டைக்கூட வேறொருத்தியை வைத்துப் பாடவைத்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டார்கள்.

எனக்கு இது தெரியாது. நான் காரில் சிடி போட்டுக் கேட்கிறவன். “பாட்டெல்லாம் இருக்கிறதே அம்மா, என் வீட்டில் எல்லாமே இருக்கிறது” என்றேன்.

“உங்க வூட்ல இருக்குதுங்க. எங்க வூட்ல இல்லீங்க.”

செல்வி கடலை உரிப்பதை நிறுத்தினார். சங்கவியின் குரல் உயரவில்லை. “காலைல பஸ்ஸுல போறப்ப கேட்டுட்டு இருந்தேன். சாயங்காலம் இல்ல. ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லல. மன்றத்துக்கு எழுதுனேன், கம்பெனி விவகாரத்துல தலையிட மாட்டோம்னு பதில் போட்டாங்க. எங்கூர்ல ஆரு போனாலும் ஒரு பேனராச்சும் வெப்பாங்க அங்கிள். போனது நாலு பேருக்குத் தெரியணும் இல்ல.”

அந்த இடத்தில்தான் என் கோபம் தடம் மாறியது. யாரைத் திட்ட வந்தேனோ அவளைத் திட்ட என்னிடம் ஒரு வார்த்தை மிச்சமில்லை. பதினைந்து வருஷத்துப் பாட்டை ஒரு நிறுவனம் ஒரே பகலில் துடைத்துப் போட்டிருக்கிறது. அந்த நிறுவனத்தின் வாசலில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க இந்த மன்றத்தில் ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை. அங்கே கேட்டால் அந்த நிறுவனத்தின் மற்ற பாடகர்கள் கச்சேரிக்கு முன்வரிசை கிடைக்காது. ஏரியூர்ப் பெண்ணிடம் கேட்டால் ஒன்றும் ஆகாது. அவள் படிக்கப் போகிற இடத்தைப் பிடுங்கினால்கூட யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. ஹேவோலின் மானத்தைக் காப்பாற்றுகிறார்களாம். அவள் குரலைத் தூக்கிக்கொண்டு போனபோது எங்கே இருந்தார்கள்?

செல்விதான் எங்களைத் தரைக்குக் கொண்டுவந்தார். “அதெல்லாம் இருக்கட்டும். சீட்டு போயிரும்ல? மன்னிப்பு கேட்டுட்டு வேலையப் பாரு சாமி. நம்ம கேட்டு அவங்க திருந்தவா போறாங்க?”

நானும் அதையேதான் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். அந்த இடத்துக்காக அவள் துணிக்கடையில் நின்றுகொண்டே படித்தவள். இரண்டு வரி மன்னிப்பு, முடிந்தது.

சங்கவி வெளியே பார்த்தாள். அவளுடைய அப்பா காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். சுவர் ஓரமாக நின்றாள். “எடுங்க” என்றாள்.

கொரிய மொழியில் பேசினாள். தட்டுத்தடுமாறவில்லை. முதலில் குனிந்து வணங்கினாள். பிறகு பேசினாள். இன்னொருமுறை குனியப் போகிறாள், முடிந்தது என்று நினைத்தேன். அவள் குனியாமல் காமிராவைப் பார்த்தே இன்னும் கொஞ்சம் பேசினாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். அம்மாவுக்கும் சேர்த்துத் தமிழில் சொன்னாள்.

“ஹேவோல் அக்கா நல்லா இருக்காங்க. அவங்க படத்துக்கு மாலை வெச்சதுக்கு அவங்ககிட்டயும் அவங்க அம்மாகிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன். மத்தவங்கள ஒண்ணு கேக்கணும். அவங்க உசுரோடதான் இருக்காங்கன்னு இப்ப இவ்ளோ சத்தம் போடறீங்களே, உசுரோட இருக்கறவங்க பாட்ட எடுத்தப்ப ஏன் சும்மா இருந்தீங்க?”

செல்வி தலையில் அடித்துக்கொண்டார். கடைசிப் பகுதி வேண்டாம், இன்னொருமுறை எடுத்துவிடலாம் என்றேன். ஒரு நிமிஷ வேலைதான் என்றேன்.

“வேணாங்க அங்கிள். இப்பிடியே அனுப்புங்க. வெட்டாதீங்க.”

“இடம் போய்விட்டால்?”

“போச்சுன்னா இங்கயே துணி மடிச்சிக்கறேன்.” சொல்லும்போது முதல்முறையாகக் குரல் கொஞ்சம் நடுங்கியது. அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து மீராவுக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் குறையாமல் அனுப்பினேன்.

செல்வி கட்டிக் கொடுத்த கடலையைச் சேலத்தில் உறவினர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். கிள்ளானுக்கு வந்து சேர்ந்த அன்று மீரா சந்தோஷமாக வந்தாள். மன்றம் வீடியோவை வெளியிட்டுவிட்டதாம். புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டதாம். பல்கலைக்கழகமும் இடத்தை உறுதி செய்துவிட்டதாம். எல்லாரும் அந்தப் பெண்ணைப் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டார்களாம்.

வீடியோவைப் பார்த்தேன். சங்கவி குனிகிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். அதோடு முடிந்துவிட்டது. மிச்சத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மன்றத்தின் பூப்போட்ட சின்னத்தை வைத்திருந்தார்கள். கீழே அழுகிற முகங்களும் இதயங்களுமாகக் கொட்டிக் கிடந்தன. மகள் என்றும் பார்க்காமல் மீராவிடம் கத்தினேன். “நான் வெட்டலப்பா, சோல் மன்றத்துல வெட்டிட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு இடம் கிடைச்சிடுச்சுல்ல, விடுங்களேன்” என்றாள். விடுங்களேன் என்பதை நான் அன்றைக்குப் பலரிடமிருந்து கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து சங்கவி கூப்பிட்டாள். எடுத்தவுடன் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“வெட்டுனது நீங்களாங்க அங்கிள்?”

“இல்லம்மா. நான் முழுசாகத்தான் அனுப்பினேன்.”

அவள் பக்கத்தில் கடையின் சத்தம் கேட்டது. யாரோ சேலைக்கு வேறு நிறம் கேட்டார்கள். இதோ வரேங்க்கா என்று அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“சரிங்க. சீட்டு கன்ஃபார்ம் ஆயிருச்சு, விசாவுக்குப் போட்டிருக்கேன். அங்க போயி நானே நேர்ல கேட்டுக்கறேன்.”